கடுமையான ஐயாவிடம் வளர்ந்த இளம் போதகர் உங்கள் சபைக்கு வந்தால்

பெங்களூர் அல்சூர்ப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சபையின் கமிட்டிச் செயலாளராக இருக்கிறேன். அதற்கு முன்பு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபோர்மனாக இருந்து, பயிற்சிக்கு வந்த பையன்களிடம் வேலை வாங்கியவன். பெங்களூரில் தமிழ்ச் சபைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுக்கு வரும் இளம் போதகர்களில் பலர், இறையியல் கல்லூரியில் கற்றதைவிட, ஒரு பெரிய பாஸ்டரிடம் உதவியாளராக இருந்தபோது கற்றதே அதிகம். அந்தப் பெரியவர் கடுமையானவர் என்றால் கமிட்டிக்கு வேலை கூடுகிறது. ஆறுதல் வார்த்தையும் உபவாச ஜெபமும் இருக்கட்டும். சம்பளம், வீடு, விடுமுறை ஆகிய மூன்றையும் ஒழுங்குபடுத்தாமல் எதுவும் மாறாது என்பது என் கட்சி.

முதலில், பெரியவர் கண்டிப்பானவரா, கடுமையானவரா என்று தெரிந்துகொள்ளுங்கள். லேத்தில் ஒரு பையன் தவறாகக் கடைந்தால் எவ்வளவு கூடிப்போனது என்று அளவு சொல்லித் திருத்த வேண்டும். "நீ உருப்படமாட்டாய்" என்பதில் எந்த அளவும் இல்லை. இளம் போதகரிடம் பேச்சோடு பேச்சாக, "பெரிய ஐயா உங்கள் பிரசங்கத்தில் எதைத் திருத்தினார்?" என்று கேளுங்கள். ஒன்றிரண்டையாவது குறிப்பாகச் சொன்னால் அவர் நல்ல கையில் வளர்ந்திருக்கிறார். திட்டு வாங்கிய இடமும் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களும் மட்டும் நினைவில் இருந்தால், மேலே படியுங்கள்.

எங்களிடம் வந்தவர் கோலார் தங்கவயல்காரர். வயதில் என் மகனைவிட இளையவர் என்றாலும் நாங்கள் ஐயா என்றே அழைத்தோம். முதல் கமிட்டிக் கூட்டத்தில் அவருடைய செல்போன் அடித்தது. நாற்காலியிலிருந்து எழுந்து, சுவர் ஓரமாகப் போய், விறைப்பாக நின்றுகொண்டு பேசினார். எதிர்முனையில் இருந்தவர் இவரைப் பார்க்கவே முடியாது; ஆனாலும் நின்றார். சில வாரங்கள் கழித்து, மணி அடிக்கத் தாமதித்த கோயில்குட்டியை, அதாவது கோயில் பணியாளரை, அவர் திட்டுவது காதில் விழுந்தது. தங்கவயலில் பிறந்தவர் வாயில் அப்போது மட்டும் சுத்தமான தூத்துக்குடிப் பேச்சு வந்தது. பெரியவர் அந்த ஊர்க்காரர். திட்டும் சொல், இழுப்பு, இருமல் உட்பட அப்படியே இறங்கியிருந்தது. மேலே இருப்பவரிடம் நடுக்கம், கீழே இருப்பவரிடம் அதட்டல்: இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி ஏற்பாடுகள். கூட்டம் போட்டு உபதேசம் செய்யாதீர்கள். முதல் மாதத்திலேயே வீட்டைக் கவனியுங்கள். இந்த ஊரில் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது நெடுநாள் வழக்கம். ஓர் உதவி ஊழியரால் அதைப் புரட்ட முடியாது. அதனால் பெரியவர் வீட்டு மாடியிலோ சபை அறையிலோ தங்குகிறார்; தங்குவதால் எதிர்த்துப் பேச முடிவதில்லை. பலர் விசுவாசத்தால் அடங்கிப் போகவில்லை, அட்வான்ஸ் இல்லாமல் அடங்கிப் போகிறார்கள். ஆகவே குருமனை, அதாவது போதகருக்கான சபை வீடு, இருந்தால் சாவியை முதல் நாளே அவர் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால் அட்வான்ஸைச் சபை கட்டி, வாடகை ஒப்பந்தத்தை அவர் பெயரில் எழுதுங்கள். சம்பளம் அவருடைய வங்கிக் கணக்குக்கு, குறித்த தேதியில் போகட்டும். காணிக்கைத் தட்டிலிருந்து எண்ணிக் கொடுக்கும் வழக்கம் வேண்டாம். அசல் சான்றிதழ்கள் பழைய இடத்தில் தங்கிவிட்டனவா என்று கேட்டு, தங்கியிருந்தால் கமிட்டிக் கடிதம் கொடுத்து ஓர் ஆளை அனுப்பி வாங்கி வரச் செய்யுங்கள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்று தீர்மானம் எழுதி, அன்றைக்கு அவரை அழைக்கும் முதல் ஆள் நீங்களாக இருக்காதீர்கள்.

"பெரிய ஐயா அபிஷேகம் பண்ணப்பட்டவர், அவரைக் குறைசொல்லக் கூடாது" என்று இளம் போதகரே சொல்வார். விவாதம் செய்யாமல் 105ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். அங்கே தொடக் கூடாதவர்கள் யார்? ஆபிரகாமின் குடும்பத்தார்; கொஞ்சம் பேர், சொந்த நிலமில்லாமல் ஊர் ஊராக அலைந்தவர்கள். எச்சரிக்கை ராஜாக்களுக்கு. எளியவனைக் காக்க வந்த வசனத்தைப் பலசாலி கவசமாக மாட்டிக்கொண்டால், வாசிக்கிறவர்களாவது அதைக் கவனிக்க வேண்டாமா? அடுத்து தாவீது. குகையில் சவுலின் அங்கித் தொங்கலை அறுத்தார், ஆளைத் தொடவில்லை. ஆனால் வெளியே வந்து தன் குறையை உரக்கச் சொன்னார். சவுல் அழுது சமாதானம் பேசிய பிறகும் அவரோடு அரண்மனைக்குப் போகவில்லை. மரியாதையும் தூரமும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு நான் தேடவில்லை.

தமிழ்த் திருச்சபையின் தொடக்கத்திலேயே இந்த நோய் இருந்தது. கோப்பன்ஹேகனில் டேனிஷ் மிஷனின் செயலாளராக இருந்த கிறிஸ்டியன் வென்ட், மிஷனரிகள் கட்டடமும் செலவும் இல்லாமல் அப்போஸ்தலர் போல் அலைய வேண்டும் என்று தரங்கம்பாடிக்குக் கண்டனக் கடிதங்கள் எழுதினார். தரங்கம்பாடியில் வெயிலில் வேகிறவர் மிஷனரி சீகன்பால்கு, நாற்காலியில் இருந்தவர் வென்ட். ஏற்கெனவே உடல் நலிந்திருந்த சீகன்பால்கு 1719இல் 36 வயதில் இறந்தார். தோழர் கிரண்ட்லர் மறு ஆண்டே போனார். மிஷன் பொறுப்பை ஏற்ற சூல்ட்சேயோ உடன் ஊழியர்களோடு ஒத்துப்போக முடியாமல் 1726இல் சென்னைக்குக் கிளம்பினார்.

சபைக்கு வரும் பாதிப்பைக் கண்டுபிடிப்பது கடினம். கிராமத்தில் ஒரே கோயில் என்றால் சண்டை போட்டாவது தெரிவிப்பார்கள். இங்கே பிரசங்க மேடையில் தன் பெயர் இழுக்கப்பட்ட குடும்பம், மறு ஞாயிறு பஸ் ஏறி கம்மனஹள்ளியில் வேறொரு சபைக்குப் போய்விடும். சத்தமே வராது. சந்தா நோட்டைப் புரட்டி, மூன்று மாதமாகக் கட்டாத வீடுகளுக்கு இரண்டு பேராகப் போங்கள், ஒரு பெண்ணும் இருக்கட்டும். சந்தாவைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். "யாராவது உங்களைப் புண்படுத்தினார்களா?" என்று கேட்டுவிட்டுக் காப்பி வரும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள். மேடையில் தனி ஆளைக் குறிப்பிடுவதில்லை, வருடக் கணக்கைச் சபைக்கு வாசிப்பது என்ற இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள்.

போதகர் கோயில்குட்டியை மறுபடியும் அதட்டினால் அன்றே, தனியாக, ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். நான் சொன்னது இவ்வளவுதான்: "ஐயா, மணி ஐந்து நிமிடம் தாமதம். அதைச் சொல்லுங்கள். அவர் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டாம்." முகம் சிவந்தது. மறு வாரம் இருவரும் சேர்ந்து மணிக்கயிற்றை மாற்றினார்கள்.

ஆண்டு விழாவுக்குப் பெரியவரை அழைக்கலாமா என்று கேட்பார்கள். அழையுங்கள், ஒரே ஓர் ஆராதனைக்கு. அழைப்புக் கடிதம் கமிட்டியிலிருந்து போகட்டும், பயணச் செலவைப் பொருளாளர் கவரில் கொடுக்கட்டும். அன்றைய திருவிருந்தை உங்கள் போதகரே நடத்தட்டும். பையைத் தூக்க, கார்க் கதவைத் திறக்க வாலிபர் சங்கத்தில் இரண்டு பையன்களை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் போதகர் ஓடிப்போய்த் திறப்பார்.