எக்கோ ரிப்போர்ட்டிலிருந்து இதய வலுவும் தமனிச் சுமையும்: கணக்கிடும் முறை

பிரஷர் 110தான் இருக்கிறது. இருந்தும் பலவீனமான இதயத்துக்கு ரத்தக்குழாயைத் தளர்த்தும் மாத்திரை தருகிறார்களே, ஏன்? மூன்று எண்களும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் விளங்கிவிடும். எக்ஸெல் வேண்டாம், கையால் போட்டால்தான் மனதில் பதியும்.

1. இடது கீழறையின் கொள்ளளவு: விரிந்திருக்கையில் (இ.டி.வி) 200 மி.லி., சுருங்கிய பின் (இ.எஸ்.வி) 140 மி.லி. என்று வைப்போம். ஒரு துடிப்பில் வெளியேறுவது 60. சிம்ப்சன் முறையில் (அறையை மெல்லிய தட்டுகளாகப் பிரித்துக் கூட்டுவது) அளந்ததையே எடுங்கள். டைக்ஹோல்ஸ் முறை ஒரே கோட்டளவை வைத்து மொத்தத்தையும் ஊகிக்கும். மாரடைப்பால் ஒரு சுவர் மட்டும் அசையாமல் போன இதயத்தில் காலை வாரிவிடும்.

மைட்ரல் வால்வு கசிந்தால் இந்த 60ஐ நம்பக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். அதில் ஒரு பங்கு மேலறைக்கே திரும்புகிறது, தமனிக்குப் போவதில்லை. அப்போது டாப்ளர் (எக்கோவில் ரத்த ஓட்ட வேகத்தை அளப்பது) கணக்கு வேண்டும்: பெருந்தமனி வால்வுக்குக் கீழுள்ள பாதையின் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14, வி.டி.ஐ (ஒரு துடிப்பில் ரத்தம் அந்தப் பாதையில் நகரும் தூரம்) 15 செ.மீ. என்றால் பெருக்கி 47 மி.லி. விட்டம் வர்க்கமாவதால், 1.9 என்று அளந்தாலே விடை 10% குறையும்.

2. எக்கோ எடுக்கும்போதே பிரஷரும் பாருங்கள். காலையில் வீட்டில் பார்த்தது உதவாது. மேல் எண் × 0.9, இதயம் சுருங்கி முடிக்கும் நேரத்துப் பிரஷரின் தோராயம்: 110க்கு 99.

3. தமனிச் சுமை (இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது தமனிகள் தரும் எதிர்ப்பு) 99 ÷ 60 = 1.65. இதய வலு (சுருங்கும் திறன்) 99 ÷ 140 = 0.71. நல்ல இதயத்தில் (இ.டி.வி 120, இ.எஸ்.வி 50, பிரஷர் 120) இவை 1.54, 2.16.

4. மாத்திரை செய்வதுபோல் சுமையை 1.2ஆகக் குறைத்துப் பாருங்கள். வெளியேறும் ரத்தம் = இ.டி.வி × வலு ÷ (வலு + சுமை) = 74 மி.லி. பிரஷர் = 1.2 × 74 ÷ 0.9 = 99. பிரஷரில் 11 போய், ரத்தம் 14 மி.லி. கூடியிருக்கிறது. நல்ல இதயத்தில் இதே விகிதத்தில் தளர்த்தினால் பிரஷர் 22 இறங்கும், ரத்தம் 9தான் கூடும். (இ.டி.வி மாறவில்லை என்று வைத்த கணக்கு. நிஜத்தில் அதுவும் மாறும்.)

பின்சேர்க்கை: சுமையை வலுவால் வகுத்து, அந்த விகிதத்தை மட்டும் பார்ப்பது வீண். பிரஷர் அடிபட்டு, ஈ.எஃப்.தான் (இ.டி.வியில் ஒரு துடிப்புக்கு வெளியேறும் சதவீதம்) வேறு வேடத்தில் வரும். ஈ.எஃப். 61 இருந்தும் இதயச் செயலிழப்பு உள்ள ஒருவருக்கு 90, 35, பிரஷர் 160 என்றால் விகிதம் 0.64, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் சுமை 2.6, வலு 4.1, இரண்டுமே விறைப்பு. கொஞ்சம் நீர் குறைந்தாலும் பிரஷர் சரேலென இறங்கும். கத்திரி வெயிலில் வியர்த்துக்கொட்டும்போது நீர் மாத்திரையும் பழைய அளவிலேயே போனால், எழுந்தவுடன் தலைசுற்றலாம். தானாக நிறுத்தாமல், அன்றைய பிரஷரையும் எடையையும் குறித்துக்கொண்டு கார்டியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள்.