பேனை கசிந்தால் கன்வெர்ட்டரின் வாயைப் பாருங்கோ

மூடியைக் கழற்றினால் நிப்பின் கழுத்தெல்லாம் மை. என் சீன ஊற்றுப் பேனை ஒரு கிழமையாக இப்படித்தான் கசிந்தது. நிப்பிலும், அதன் அடியில் மையைக் கொண்டுவரும் ஃபீடிலும் பிழையில்லை. வேறு பேனையின் கன்வெர்ட்டரை, அதாவது பேனைக்குள் மையை உறிஞ்சி வைக்கும் சின்ன உருளையை, பூட்டியதுதான் காரணம்.

சீனப் பேனைகளின் கன்வெர்ட்டர் வாய் பெரும்பாலும் இரண்டு அளவில் வரும்: 2.6 மி.மீ., 3.4 மி.மீ. பார்வைக்குப் பிடிபடாது. 3 மி.மீ. ட்ரில் பிட்டின் மழமழப்பான பின்முனையை வாயில் வையுங்கோ; உள்ளே போனால் 3.4. என்னுடையதில் போனது, பேனைக்கோ 2.6 வேண்டும். இடைவெளியால் காற்று நுழைய, மை நிற்காமல் இறங்கியிருக்கிறது. கிரீஸ் பூசி அடைக்கவே வேண்டாம், மை வரும் வழியும் அடைபடும். சின்ன வாயைப் பேனைக்குள் இருக்கும் பெரிய குழாயில் அமத்தினால் வாய் வெடிக்கும்.

2.6 சர்வதேச அளவுக் கன்வெர்ட்டர் பூட்டி, தண்ணீர் நிரப்பி, நிப் கீழே இருக்க இரவு முழுக்கக் கிளாசில் நிற்கவிட்டேன். ஒரு துளியும் விழவில்லை.

பைலட், பார்க்கர், லாமிப் பேனைகளுக்கு இது சரிவராது, அவரவர் கன்வெர்ட்டர்தான். காவெகோ ஸ்போர்ட் பேனைக்கு வாய் பொருந்தினாலும் உடல் கட்டை, நீளமானது உள்ளே அடங்காது.

யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் சைக்கிள் ஓடினால் சட்டைப் பையிலேயே பேனை சூடாகும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளும். அதனால் மையை நிறைய நிரப்பி, நிப் மேலே பார்க்கக் குத்துங்கோ.