மட்டக்களப்பா அம்பாறையா: வேலையின்மை வீதத்தை ஒப்பிட முன்

திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் மட்டக்களப்பையும் அம்பாறையையும் பக்கத்தில் வைத்து, "இங்கேதான் வேலையின்மை கூட" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இந்த வீதம் வருவது தொழிற்படை ஆய்விலிருந்து. அது, 2012இலும் 2024இலும் நடந்த தொகைமதிப்பைப் போல வீடுவீடாக எல்லாரையும் எண்ணியதல்ல, மாதிரி வீடுகளில் கேட்டு எடுத்தது. ஆகவே வீதத்தோடு அதன் நியம வழுவையும் (standard error, மாதிரி எடுத்ததால் வீதம் எவ்வளவு முன்பின் ஆகலாம் என்ற அளவு) தேடி எடுங்கள். அதை 1.96 ஆல் பெருக்கினால் 95 வீத நம்பிக்கைக்கான வழு எல்லை வரும்.

கணக்குக்காக மட்டும் ஒரு இடத்தில் 8.0, மற்றதில் 6.0 என்று வைப்போம். இரண்டுக்கும் நியம வழு 0.6. வழு எல்லை ஏறத்தாழ 1.2, அதைக் கழித்தும் கூட்டியும் வரும் வீச்சுகள் 6.8 முதல் 9.2, 4.8 முதல் 7.2. ஒன்றில் ஒன்று ஏறி நிற்கிறது, "அப்ப வித்தியாசம் இல்லை" என்று பலர் விட்டுவிடுவது இங்கேதான். சரியான வழி வேறு: இரண்டு நியம வழுக்களையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். கிட்டத்தட்ட 0.85 வரும். 1.96 ஆல் பெருக்கினால் 1.66. வித்தியாசம் 2.0, அதைவிடக் கூட. ஆகவே வித்தியாசம் உண்டு என்றே எழுதலாம். எக்செலில் ஒரு வரிச் சூத்திரம், அவ்வளவுதான்.

அப்புறம், வாகரைக்கோ பொத்துவிலுக்கோ தனி வீதம் வேண்டும் என்று மாவட்ட மாதிரியைப் பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக உடைக்காதீர்கள். கையில் மிஞ்சுவது சில வீடுகள்தான், வழு வீதத்தையே விழுங்கிவிடும். கொடையாளர் கேட்டாலும் மாவட்ட எண்ணையே கொடுங்கள். காலாண்டு எண்ணைவிட ஆண்டு எண் நல்லது, மாதிரி பெரிது.