கேரியோடைப் அறிக்கையின் அந்த ஒற்றை வரியைப் படிப்பது எப்படி?

குரோமோசோம் பரிசோதனை முடிவு, அதாவது கேரியோடைப் அறிக்கை, கையில் வரும்போது, கண் போய் நிற்கும் இடம் ஒரே ஒரு வரிதான்: ‘47,எக்ஸ்எக்ஸ்,+21’. குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெற்றோருக்கு அந்த வரி பூட்டிய கதவாக இருக்கக் கூடாது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: 46 என்று எழுதுங்கள்

மனித உடல் செல்களில் 46 குரோமோசோம்கள், அதாவது 23 ஜோடிகள் உள்ளன. விந்தணுவிலும் கருமுட்டையிலும் அதில் பாதி, 23. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது. அதனால் அங்கே எண்ண ஒன்றுமில்லை.

இந்த 46 எளிதில் கிடைத்த எண் அல்ல. 1923-இல் பெயின்டர் என்ற ஆய்வாளர் 48 என்று எண்ணினார். உலகமே அதை நம்பியது. 1956-இல் ஜியோ, லெவான் என்ற ஆய்வாளர்கள்தான் 46 என்று திருத்தினார்கள்.

படி 2: ஆய்வகத்தில் எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரத்தத்தின் வெள்ளணுக்களை ஆய்வகத்தில் இரண்டு மூன்று நாள் வளர்ப்பார்கள். அவை பிரியத் தொடங்கும்போது கால்சிசின் வகை மருந்தைச் சேர்த்து, பாதியில் நிறுத்துவார்கள். நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் அதே நச்சுதான் கால்சிசின். பிறகு உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்லை உப்பவைத்து, நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். செல் உடைந்து குரோமோசோம்கள் பரவிவிடும். சாயமேற்றிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கருப்பும் வெளுப்புமாகக் குறுக்குப் பட்டைகள் தெரியும். அந்தப் பட்டைகள்தான் அடையாளம். வழக்கமாக 20 செல்களாவது எண்ணப்படும்.

படி 3: இடமிருந்து வலமாகப் படியுங்கள்

முதலில் மொத்த எண்ணிக்கை, அடுத்து பால் குரோமோசோம்கள் (பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய்), கடைசியில் கூடியது அல்லது குறைந்தது. மேலே உள்ள வரியில் மொத்தம் 47, பெண், 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். இது டவுன் சிண்ட்ரோம். ‘47,எக்ஸ்எக்ஸ்ஒய்’ என்றால் கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் (ஆணுக்கு ஓர் எக்ஸ் கூடுதல்), ‘45,எக்ஸ்’ என்றால் டர்னர் சிண்ட்ரோம் (பெண்ணுக்கு ஓர் எக்ஸ் குறைவு).

படி 4: எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

தொடக்கநிலையில் பலர் தடுமாறும் இடம் இது. 14-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் ஒட்டிக்கொண்டால், எண்ணிக்கை 45 ஆகக் குறையும். ஆனாலும் அந்த மனிதர் முழு நலத்துடன் வாழ்வார், ஏனென்றால் மரபணுச் சரக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதே ஒட்டு குழந்தைக்குப் போய், கூடவே 21 இரண்டும் தனியாக வந்து சேர்ந்தால், எண்ணிக்கை 46. ஆனால் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம்! இப்படி ஒட்டு கண்டால் பெற்றோர் இருவரையும் பரிசோதிக்கச் சொல்வார்கள். அடுத்த கருவுக்கு அது மிக அவசியம்.

படி 5: ‘ஏன்?’ என்ற கேள்வி

டவுன் சிண்ட்ரோமில் சுமார் 95 சதவீதம் பிரியாமையால் வருவது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, பிரிய வேண்டிய ஜோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுகிறது. தாயின் வயது கூடக்கூட இதற்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் இளம் தாய்மாருக்கும் நேரும். கிரகணத்தன்று வெளியே வந்ததாலோ, எதையோ தின்றதாலோ இது வருவதில்லை. ஒரு தாயிடம் அப்படிச் சொல்வது கொடுமை. யாராவது சொன்னால் இந்தப் படியைக் காட்டுங்கள்.



படி 6: நீங்களே ஒன்றைப் படியுங்கள்

‘45,எக்ஸ்[8]/46,எக்ஸ்எக்ஸ்[12]’. சாய்கோடு வந்தால், ஒரே உடலில் இருவகைச் செல்கள் கலந்திருக்கின்றன என்று பொருள். சதுர அடைப்பில் இருப்பது செல்களின் எண்ணிக்கை: எண்ணிய 20-இல் 8 செல்களில் ஓர் எக்ஸ் இல்லை, மீதி 12-இல் இரண்டும் இருக்கின்றன. இது கலப்பு வகை டர்னர். ரத்தத்தில் இருக்கும் அதே விகிதம் மற்ற உறுப்புகளிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இந்த வரியை மரபியல் ஆலோசகரிடம் எடுத்துச் செல்லும்போது முதலில் அதைக் கேளுங்கள்.