நத்தாருக்கு வன்னி வருகிறீர்களா? முதன்முறை பூசைக்குப் போகிறவர்களுக்கு

நத்தார் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர்களில் யாராவது ஒருவர் வருடா வருடம் என்னிடம் கேட்பார்: "நாங்கள் சைவம். உங்கட பூசைக்கு வந்தால் ஆரும் ஏதும் நினைப்பினமோ?"

ஒருவரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கிளிநொச்சியில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண் நான். எங்கள் கோயிலில் பாலன் குடில் கட்டத் தடி வெட்டித் தந்தவர்களில் பாதிப்பேர் சைவப் பிள்ளைகள்தான். ஆனாலும் எப்போது எழும்புவது, எங்கே இருப்பது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கோயிலையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள்

வீதியில் வெறுமனே "கோயில் எங்க?" என்று கேட்டால் பிள்ளையார் கோயிலைக் காட்டுவார்கள். "வேதக் கோயில்" என்று கேளுங்கள். கத்தோலிக்கர் "பூசை" அல்லது "திருப்பலி" என்பார்கள். மெதடிஸ்த, தென்னிந்திய திருச்சபைக்காரர் "ஆராதனை" என்பார்கள். அந்தச் சொல்லை வைத்தே எந்தச் சபை என்று பிடித்துவிடலாம்.

கத்தோலிக்கக் கோயில்களில் 24ஆம் திகதி இரவுப் பூசைதான் பெரியது. 25 காலையிலும் ஒன்று இருக்கும். மற்றச் சபைகளில் பெரும்பாலும் 25 காலை ஆராதனைதான் முக்கியம். இரவுப் பூசை எல்லா இடத்திலும் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவதில்லை. ஒரே பாதர் இரண்டு மூன்று கோயில்களுக்குப் பூசை வைக்க வேண்டியிருந்தால் ஒரு ஊரில் முன்னேரத்தோடேயே முடிந்துவிடும். ஆகவே அந்த ஊர் ஆட்களிடமே கேளுங்கள். கத்தோலிக்கக் கோயில்களை ஆயர் ஒருவருக்குக் கீழே மறைமாவட்டம் என்று பிரித்திருக்கிறார்கள். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம். வவுனியாவும் மன்னாரும் 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டம். வவுனியாக் கோயிலின் நேரத்தை யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவிடம் கேட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

மன்னார்ப் பக்கக் காட்டுக்குள் இருக்கும் மடு மாதா கோயிலுக்குப் போக ஆசையா? ஆவணித் திருவிழாச் சனத்தோடு ஒப்பிட்டால் மார்கழியில் மடு அமைதியானது. முதன்முறை போகிறவருக்கு அது நல்லது. அங்கே இருக்கும் மாதா சுரூபம் (சிலை), ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், 1670 அளவில், மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அதே சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருடம் ஆவணியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால், அந்தச் சிறிய சுரூபத்தின் முன்னால் ஆட்கள் ஏன் அவ்வளவு நேரம் முழந்தாளில் இருக்கிறார்கள் என்று விளங்கும்.

2. போகிற வழியும் திரும்புகிற வழியும்

மார்கழி எங்களுக்கு மழைக்காலம். குடை, டோர்ச் இரண்டும் வேண்டும். இரவுப் பூசை முடிந்து வெளியே வரும்போது பஸ் இராது. ஓட்டோக்காரரும் வீட்டில் கேக் வெட்டிக்கொண்டிருப்பார். போகும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். காட்டுப் பக்கத்து வீதிகளில் இரவில் யானை வரும். மடு, மாங்குளம் பக்கம் மோட்டார்சைக்கிளில் தனியே திரும்புகிற எண்ணம் வேண்டாம்.

3. உடுப்பு

தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். சேலை, சல்வார், நீளக் காற்சட்டையும் சேர்ட்டும் எதுவும் சரி. பெண்கள் ஒரு சால்வையைக் கையோடு கொண்டுவாருங்கள். வயதான அம்மாக்கள் முக்காடு போட்டிருப்பார்கள். நீங்கள் போடாவிட்டாலும் குற்றமில்லை, ஆனால் சுரூபத்துக்குக் கிட்டப் போகும்போது போட்டுக்கொள்வது அழகு. வாசலில் செருப்புகள் குவிந்திருந்தால் நீங்களும் கழற்றுங்கள்.

4. வாசலில்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பெரிய பூசைகளுக்குப் பொலிசோ ஆமியோ வாசலில் நின்று பையைச் சோதிப்பதுண்டு. பெரிய பை கொண்டுவராதீர்கள். தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முந்தி வாருங்கள். யாராவது "எங்கயிருந்து வாறியள்?" என்று கேட்டால், அது விசாரணை இல்லை, இருக்க இடம் பார்த்துத் தருவதற்கான தொடக்கம்.

5. உள்ளே: எங்கே இருப்பது, எப்போது எழும்புவது

கிராமக் கோயில்களில் ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள் என்று இருப்பதுண்டு. முன்னுக்குப் பாய் விரித்திருக்கும். பின்னுக்கு வாங்கும் கதிரையும். கடைசி வாங்கில் இருக்க வேண்டாம். அங்கே இருந்தால் உங்களுக்கு முன்னால் பார்த்துச் செய்ய ஆட்கள் இருப்பார்கள்தான், ஆனால் பிந்தி வருகிறவர்களும் அழுகிற குழந்தைகளும் சூழ்ந்துவிடுவார்கள். நடுவில் ஒரு ஓரமாக இருங்கள். முன்னால் இருக்கும் அம்மா எழும்பினால் எழும்புங்கள், இருந்தால் இருங்கள். முழந்தாளிட மனமில்லாவிட்டால் தலையைக் குனிந்து அமைதியாக இருந்தாலே மரியாதைதான்.

இரவுப் பூசையில் தவறவிடக்கூடாத ஒரு நேரம் உண்டு. நத்தாருக்கு முந்திய ஆயத்த வாரங்களான திருவருகைக் காலத்தின் ஞாயிறுகளில் நிறுத்தி வைத்திருந்த "உன்னதங்களிலே" பாடலை அன்றைக்குத்தான் திரும்பப் பாடுவோம். அப்போது மணி எல்லாம் அடிக்கும், பாலன் இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் வைப்பார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாச அறிக்கையில் கடவுள் மனிதரானார் என்று சொல்லும் இடத்தில் எல்லோரும் திடீரென்று முழந்தாளிடுவார்கள். மற்ற ஞாயிறுகளில் அந்த இடத்தில் தலை மட்டும்தான் குனிவோம். அதனால் வழமையாக வருகிறவர்களில் சிலரும் அந்த இடத்தில் தடுமாறுவார்கள். நீங்களும் தடுமாறினால் பயப்பட வேண்டாம்.

காணிக்கைப் பை வரும்போது விரும்பியதைப் போடலாம், போடாமல் அடுத்தவரிடம் கொடுக்கலாம். சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைகூப்புங்கள்.

6. நற்கருணை: இதை மட்டும் கவனமாக வாசியுங்கள்

சில வருடங்களுக்கு முன் என் சிநேகிதியின் கணவர், பாதர் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை வாங்க எல்லோரும் வரிசையில் போகிறார்களே என்று தானும் போனார். கோயில் பிரசாதம்போல என்று நினைத்திருக்கிறார். பாதருக்கு முன்னால் போய் நின்ற பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றார். பாதர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த மனிதர் அதன்பிறகு பூசைக்கு வரவேயில்லை. போகும் முன் ஒரு வசனம் நான் சொல்லியிருந்தால் அவருக்கு அந்தக் கூச்சம் வந்திராது. இன்றைக்கும் எனக்கு அது மனவருத்தம்.

கத்தோலிக்கப் பூசையில் நற்கருணை, அதைப் பெறுவதற்குத் தயாரான கத்தோலிக்கருக்கு மட்டும். எங்களுக்கு அது அப்பத் துண்டு இல்லை, ஆண்டவரின் உடல். நீங்கள் இருந்த இடத்திலேயே இருங்கள். கத்தோலிக்கர்களிலும் போகாமல் இருப்பவர்கள் உண்டு. ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் வெளியே போகக் காலை ஒதுக்கிக் கொடுங்கள். நீங்கள் வேறு சபைக் கிறிஸ்தவராக இருந்து, மெதடிஸ்த ஆராதனை போன்றவற்றில் திருவிருந்து எடுக்க விரும்பினால் போதகரிடம் முதலே கேளுங்கள்.

பூசை முடிவில் பாலன் சுரூபத்தை முத்தி செய்ய (முத்தமிட) வரிசை ஒன்று போகும். அது வேறு. அதற்கு நீங்களும் போகலாம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

7. போனும் கண்ணீரும்

குடிலைப் பூசைக்குப் பிறகு படம் எடுங்கள். ஆட்களை எடுக்காதீர்கள். பாடல் தொடங்கும்போது ஒரு அம்மா தனியே இருந்து அழுவதை நீங்கள் காணலாம். 2009 வரைக்கும் இந்த மண்ணில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். நத்தார் இரவில்தான் சாப்பாட்டு மேசையில் இல்லாத ஆளின் நினைவு கூடுதலாக வரும். "உங்கட வீட்டில ஆர் இல்லை?" என்று கேட்கவே வேண்டாம். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். ஆறுதல் சொல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தாலே போதும்.

8. பூசைக்குப் பிறகு

உடனே ஓடிவிடாதீர்கள். முற்றத்தில் பிளேன்ரீயும் கேக்கும் வரும், யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தால் ஒரு பிஸ்கட் பெட்டி போதும்.

நீங்கள் முல்லைத்தீவில் தங்கியிருந்தால் 26ஆம் திகதி காலையிலும் கடற்கரைப் பக்கம் வாருங்கள். 2004இல் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் நத்தார் கொண்டாடிய ஊருக்குள் அன்று காலை கடல் வந்தது. வருடா வருடம் 9.25க்கு இரண்டு நிமிடம் நாடு முழுக்க மௌனம் காப்பார்கள். மெழுகுதிரி ஒரு பெட்டி வாங்கி வாருங்கள். கடற்காற்றுக்கு அது நிற்காது, திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும். தீப்பெட்டியையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்; பக்கத்தில் நிற்கிறவருக்கும் தேவைப்படும்.