லயத்து வீட்டுக்கு மாதச் சாமான்: இணையச் சந்தாவில் காசு மிச்சம் பிடிக்கும் முறை

மாதச் சாமானை இணையத்தில் சந்தா போட்டு எடுத்தால் காசு மிஞ்சும் என்று கொழும்பில் இருப்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் செய்வதை அப்படியே ஹட்டன், பொகவந்தலாவை பக்கத் தேயிலைத் தோட்ட லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கொண்டுவந்தால், மிஞ்ச வேண்டிய காசு கூரியருக்கே போய்விடும். எதைச் சந்தாவில் போடுவது, எதைப் பக்கத்துக் கடையிலேயே வாங்குவது, முகவரியை எப்படி எழுதுவது என்று எங்கள் வீட்டில் இப்போது ஒரு முறை நிலைத்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன். ஆப் இறக்குவது, கணக்குத் திறப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு பொருளைத் தெரிவு செய்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை வேண்டும் என்று சொல்லிவிட்டால் கடை தானாக அனுப்பும், விலையிலும் கொஞ்சம் கழிவு கிடைக்கும். சந்தா என்பது இவ்வளவுதான். அமெரிக்காவில் அமேசானில் ஒரே முகவரிக்கு ஒரே தடவையில் ஐந்து பொருள் சேர்ந்து போனால் 15 வீதம் வரை கழிவு உண்டு. அந்தத் திட்டம் நம் நாட்டில் இல்லை. இங்கே சில இணையக் கடைகளில்தான் மாதச் சந்தா வசதி இருக்கிறது. மற்றவற்றில் போன மாத ஆர்டரையே திறந்து மறுபடி போட வேண்டும், ஆர்டர் போடும் தேதியை நினைவூட்ட போனில் ஒரு அலாரம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் விலையைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் போடுவோம், தராஸ் (Daraz) போன்ற இணையக் கடைகளில் பார்சல் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கவும் முடியும்.

1. எவ்வளவு நாள் ஓடுகிறது என்று பாருங்கள்

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், ஒரு மார்க்கர் பேனா போதும். பற்பசை, சலவைத்தூள், பால்மா எதைப் பிரித்தாலும் பிரித்த தேதியைப் பக்கெட்டிலேயே எழுதுங்கள். முடிந்த அன்று எத்தனை நாள் வந்தது என்று கொப்பியில் குறியுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் உங்கள் வீட்டுக் கணக்கு கையில் இருக்கும். இது இல்லாமல் சந்தா போட்டால் ஒரு பக்கம் சவர்க்காரம் குவியும், மறு பக்கம் பால்மா தீர்ந்து நிற்கும்.

2. பாரமான சாமானை விட்டுவிடுங்கள்

கூரியர்காரர் முதல் கிலோவுக்கு ஒரு தொகையும், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதலாகவும் எடுப்பது வழக்கம். உதாரணத்துக்கு, இணையத்தில் அரிசி கிலோவுக்கு 15 ரூபாய் குறைவு என்று வைப்போம். 5 கிலோவுக்கு மிச்சம் 75 ரூபாய். மேலதிகமான 4 கிலோவுக்கு 80 ரூபாய் வீதம் போட்டாலே 320 ரூபாய் கூடுதல் செலவு. அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

பாரம் குறைந்து விலை கூடிய பொருளுக்குத்தான் சந்தா பொருந்தும். குழந்தைக்குப் பெம்பர்ஸ், பெண்களுக்கு நாப்கின், பற்பசை, ஷாம்பு, பால்மா, சலவைத்தூள். 3,000 ரூபாய் பெம்பர்ஸ் பக்கெட்டில் 10 வீதம் கழிவு என்றால் 300 ரூபாய். அதே பார்சலில் இன்னும் இரண்டு பொருள் சேர்ந்தால் கூரியர் காசு போகவும் கையில் நிற்கும்.

அரிசியையும் மாவையும் சந்திக் கடையில் வாங்குவதில் எனக்கு இன்னொரு நியாயமும் உண்டு. சம்பளம் வரும் வரை கொப்பியில் எழுதிச் சாமான் தருகிறவர் அந்தக் கடைக்காரர்தான். எந்த ஆப்பும் அதைச் செய்யாது. அந்த உறவை விட்டுவிடாதீர்கள்.

3. முகவரி: அதிகம் சிக்கும் இடம்

எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோட்டங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி பல இடங்களில் இன்னும் இல்லை. ஒரே தோட்டப் பெயரில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஆப்போ மாகாணம், மாவட்டம், நகரம், வீதி என்று வரிசையாகக் கேட்கும். நகரம் என்ற இடத்தில் உங்கள் வீட்டுக்குக் கிட்டிய டவுனை யோசிக்காமல் போடாதீர்கள். கூரியர் வண்டி எந்த டவுனிலிருந்து உங்கள் பக்கம் வருகிறது என்று சந்திக் கடையிலோ ஆட்டோ அண்ணன்மாரிடமோ கேட்டு, அந்த டவுனைத் தெரிவு செய்யுங்கள்.

வீதி என்ற இடத்தில் தோட்டப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. நான் எழுதுவது இந்த ஒழுங்கில்: வீட்டு எண், லயத்தின் எண், மேல்கணக்கா கீழ்கணக்கா (கணக்கு என்பது தோட்டத்தின் ஒரு பிரிவு), தோட்டப் பெயர், பிறகு எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளம். கோயில், பிள்ளை மடுவம் (பிள்ளைக் காப்பகம்), கொழுந்து மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்), ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை), எதுவாக இருந்தாலும் சரி. ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். பார்சலைக் கொண்டுவரும் தம்பிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம்.

அடுத்தது வரைபடத்தில் வைக்கும் புள்ளி. ஆப் தானாக வைக்கும் புள்ளி டவுனிலோ ஸ்டோரிலோ போய் நிற்கும். அதை விரலால் இழுத்து, மெயின் ரோட்டிலிருந்து உங்கள் கணக்குக்குத் திரும்பும் சந்தியில் வையுங்கள். லயத்தின் மேலேயே வைத்தால் வண்டி ஏறாத பாதையைக் காட்டும், பார்சல் திரும்பிப் போய்விடும்.

அப்புறம் தொலைபேசி எண். டெலிவரி தம்பி அழைப்பது பெரும்பாலும் பகலில், நாம் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில். அங்கே சிக்னல் இருக்காது, இருந்தாலும் கூடையோடு போனை எடுக்க முடியாது. ஆகவே குறிப்பு எழுதும் இடத்தில், பகலில் போன் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணையும் சேருங்கள். எங்களுக்குச் சந்திக் கடை அண்ணன்தான் துணை. “அண்ணே, நம்ம பேருல ஒரு பார்சல் வரும், வாங்கி வச்சிருவீங்களா?” என்று முன்கூட்டியே கேட்டுவிடுவேன். வந்ததும் கொடுக்க வேண்டிய காசையும் அவரிடமே கொடுத்து வைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை.

4. தேதி

தோட்டச் சம்பளம் வழக்கமாக 10ஆம் தேதி. பார்சல் 12க்கும் 15க்கும் இடையில் வரும்படி வையுங்கள். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று: “நான்கு வாரத்துக்கு ஒருமுறை” என்பதும் “மாதம் ஒருமுறை” என்பதும் ஒன்றல்ல. நான்கு வாரம் என்றால் 28 நாள், வருடத்துக்கு 13 பார்சல். தேதி ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் முன்னே நகர்ந்து, கடைசியில் சம்பளத்துக்கு முன்பே வந்து நிற்கும். மாதம் என்று இருந்தால் அதையே தெரிவு செய்யுங்கள்.

கார்டில் கட்டுகிறவர்கள் சந்தாவுக்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, தேவையான தொகையை மட்டும் அதில் போடுவது நல்லது. வங்கி போனுக்கு அனுப்பும் ஓடிபி எண் சீக்கிரம் காலாவதியாகிவிடும். அதனால் கார்டு விவரம் போடும் வேலையைச் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் நின்று செய்யுங்கள்.

5. அனுப்பும் முன் விலையைப் பாருங்கள்

சந்தா போட்டதால் விலை அப்படியே நிற்காது. கழிவு வீதம் அதேதான், அடிப்படை விலை ஏறியிருக்கும். பக்கெட் விலையைப் பார்க்காமல் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 400 கிராம் பால்மா இரண்டரை பக்கெட் சேர்ந்தால் ஒரு கிலோ. அதன் விலையை ஒரு கிலோ பக்கெட்டோடு ஒப்பிடுங்கள், சில மாதம் சின்ன பக்கெட்டே மலிவாக இருக்கும். சரிப்படவில்லை என்றால் அந்த மாதத்தை மட்டும் தள்ளிவைக்கலாம், சந்தாவையே நிறுத்தத் தேவையில்லை.

பார்சல் வந்ததும் காலாவதித் தேதியையும், பக்கெட்டில் அச்சிட்ட விலையையும் பாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற எண்ணில் முறையிடலாம்.

பிறகு சேர்த்தது

மஸ்கெலியாவிலிருந்து ஓர் அக்கா, தனியாகப் போட்டால் இலவச டெலிவரிக்கான தொகை வருவதில்லை என்று எழுதியிருந்தார். பக்கத்து வீட்டார் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள். ஒருவர் பெயரில் வரட்டும், யாருக்கு எது என்று கொப்பியில் எழுதி, காசை ஆர்டர் போடும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் என்றாலும் இதில் தயங்க வேண்டாம்.

நுவரெலியாவில் ஒருவருக்குத் தேங்காய் எண்ணெய் போத்தல் வெள்ளையாக உறைந்து வந்ததாம், கெட்டுப்போனதா என்று கேட்டார். கெடவில்லை. சுமார் 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைவது இயல்பு. போத்தலைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகும். குளிர் ஊரில் இருப்பவர்கள் வாய் அகன்ற போத்தலாகப் பார்த்து எடுங்கள், கரண்டியால் அள்ளலாம்.

மழைக் காலத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஹட்டன், தலவாக்கலை பக்கம் மே முதல் செப்டம்பர் வரையும், பதுளை, பண்டாரவளை பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையும் பார்சல் பிந்தும் என்று நினைத்தே திட்டமிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மண் சரிந்து பாதைகள் அடைபட்டது எல்லாருக்கும் தெரியும். அந்த மாதங்களில் பால்மாவும் பெம்பர்ஸும் இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். பால்மா பக்கெட்டைப் பிரித்ததும் மூடி இறுகிய டின்னில் போட்டுவிடுங்கள், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் கட்டியாகிவிடும்.