கேம் இறங்க 11 மணி நேரமா? முதலில் பீரோவைப் பாருங்கள்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி, உள்ளறையில் ரூட்டர், இரண்டுக்கும் நடுவில் என் மாமியாரின் இரும்பு பீரோ. மே மாத விடுமுறையில் என் மகன் பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோலில் 50 ஜிபி கேம் ஒன்றைப் பதிவிறக்கத் தொடங்கினான். இன்னும் 11 மணி நேரம் ஆகும் என்று திரையில் வந்தது. நாங்கள் பணம் கட்டுவதோ 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்புக்கு. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன்.

கணக்கை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும் கேமின் அளவைப் பைட்டிலும் சொல்கிறார்கள். எட்டுப் பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும். 50 ஜிபிக்கு ஒரு மணி ஏழு நிமிடம். ஒன்றேகால் மணி ஆனால்கூடக் குறை சொல்ல மாட்டேன். 11 மணி நேரம் என்றால் வேகம் 10 எம்பிபிஎஸ். மீதி எங்கோ வழியில் தொலைகிறது.

எங்கே என்று அறிய மூன்று இடங்களில் இணைய வேகத்தை அளக்க வேண்டும். ரூட்டர் பக்கத்தில் நின்று கைபேசியில் அளந்தேன்: 94 எம்பிபிஎஸ். அதே கைபேசியோடு டிவி பக்கம் வந்தேன்: 14. கன்சோலின் நெட்வொர்க் செட்டிங்ஸில் உள்ள இணைய இணைப்புச் சோதனையை ஓடவிட்டேன்: 10. வெளியிலிருந்து வரும் லைனில் பழுதில்லை, வீட்டுக்குள்தான் பழுது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இந்த மூன்று எண்களையும் குறித்துக்கொள்ளாமல் சேவை நிறுவனத்துக்குப் போன் செய்யாதீர்கள்.

இரும்பு அலமாரி வை-ஃபை அலையைத் தடுத்துவிடும். கான்கிரீட் சுவரும் அப்படியே. அதோடு, 2013-இல் வந்த முதல் பிளேஸ்டேஷன் 4 மாடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். அக்கம்பக்கத்து ரூட்டர்கள், மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாம் நெருக்கியடிப்பது அங்கேதான். 2016-இல் வந்த ஸ்லிம், புரோ மாடல்களும் பிளேஸ்டேஷன் 5-உம் 5 கிகாஹெர்ட்ஸையும் பிடிக்கும். அவை உள்ளவர்கள் அதற்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைத் தாண்டிப் போவதில் பலவீனமானது. அடுத்தடுத்து இரண்டு சுவர்கள் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

நான் நம்புவது கேபிளை. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் 15 மீட்டர் கேட் 5ஈ லேன் கேபிள் வாங்கி, நிலைப்படியின் மேலாக கிளிப் அடித்துக் கொண்டுவந்தேன். வாங்கும்போது முனையில் உள்ள கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்து, எட்டு நிறக் கம்பிகளும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நான்கே கம்பி உள்ள கேபிள் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. 200, 300 என்று திட்டம் எடுத்திருப்பவர்கள் ரூட்டரின் துளையும் ஜிகாபிட் வகைதானா என்று பார்க்க வேண்டும்.

கேபிள் மாட்டியும் வேகம் 30-ஐத் தாண்டவில்லை. மகன் கிரிக்கெட் கேமை நிறுத்திவைத்திருந்தானே தவிர முழுவதுமாக மூடவில்லை. பிளேஸ்டேஷன் 4-இல் கேம் திறந்திருந்தால் பதிவிறக்கம் மெதுவாகிவிடும். மூடியதும் 92-க்கு ஏறியது. அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கேம் இறங்கி முடிந்தது. எக்ஸ்பாக்ஸிலும் கேமை மூடிவிட்டுப் பதிவிறக்குவதே நல்லது.

அப்டேட் இறங்கிய பிறகு 'காப்பியிங்' என்று நெடுநேரம் நின்றால் அது ஹார்டு டிஸ்கின் வேலை. நெட்டைக் குறை சொல்ல வேண்டாம், பிளக்கையும் பிடுங்க வேண்டாம்.

இணையப் பெயர்களுக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சேவையின் எண்ணை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ மாற்றச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். அதனால் கேம் வேறொரு சர்வரிலிருந்து வரக்கூடும். சில வேளை பலன் இருக்கும். ஆனால் பீரோ மறைக்கும் அலையை டிஎன்எஸ் மீட்டுத் தராது. இதைக் கடைசியாக முயலுங்கள்.

ரூட்டர் பக்கத்திலேயே வேகம் குறைந்திருந்தால்தான் வெளியே பார்க்க வேண்டும். மாத டேட்டா வரம்பு தீர்ந்துவிட்டதா என்று கணக்கில் பாருங்கள். வரம்பில்லாதது என்று விற்கும் திட்டங்கள் பலவற்றில் 3,300 ஜிபிக்குப் பிறகு வேகம் விழும். காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் அளந்து எழுதி வையுங்கள். இரவில் மட்டும் குறைந்தால், அந்த நேரத்தில் லைனில் நெரிசல் என்று பொருள்.

நவம்பர் மழையில் எங்கள் லைனும் அடிக்கடி அறுந்தது. வந்த ஊழியரிடம் ஃபைபர் வெளிச்சத்தின் அளவை மீட்டரில் காட்டச் சொன்னேன். மைனஸ் 29 டிபிஎம் (ஒளியின் வலிமையை அளக்கும் அலகு). வழக்கமான இணைப்புகளில் மைனஸ் 27-க்குக் கீழே போனால் மோடம் தடுமாறும். மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தோம். துணி காயப்போடும் கொடிக் கம்பியோடு சேர்த்துக் கட்டிய இடத்தில் கேபிள் மடங்கிக் கிடந்தது. கட்டை அவிழ்த்து நேராக்கியதும் மீட்டர் மைனஸ் 21 காட்டியது.